காய்ச்சல் என்று எழுதப்படும் வலி

கல்லூரிகளுக்கு வரும் லீவ் லெட்டர்களை அப்படியே நம்பினால், மாணவிகளுக்கு மாதம் ஒருமுறை தவறாமல் காய்ச்சல் வருகிறது. காய்ச்சல் இல்லாவிட்டால் தலைவலி. தலைவலி இல்லாவிட்டால் வயிற்றுப்போக்கு. உண்மைக் காரணத்தை எழுதினால் அந்தக் கடிதம் யார் யார் கைக்குப் போகுமோ, யார் படித்துச் சிரிப்பார்களோ என்ற பயம். அதனால் 'உடல்நிலை சரியில்லை' என்று முடித்துவிடுகிறார்கள். துறைத் தலைவரும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். எல்லோருக்கும் சௌகரியம்!

ஆமாம், மாதவிடாய் வலியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. "இதெல்லாம் பொதுவில் பேசுகிற விஷயமா?" என்று நெளிகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு கடைசி வரை படிக்கவும். முக்கியமாக ஆண்கள். வீட்டில் அக்காவோ தங்கையோ, வகுப்பில் இரண்டு பெஞ்ச் தள்ளி ஒரு தோழியோ, இந்த வலியோடு உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

எத்தனை பேருக்கு வலிக்கிறது?

2019ல் ஓர் ஆய்வுத் தொகுப்பு வெளியானது. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து, 21,573 இளம் பெண்களின் விவரங்களை அதில் அலசியிருந்தார்கள். 71 சதவீதம் பேருக்கு மாதவிடாய் வலி இருந்தது. 20 சதவீதம் பேர் அந்த வலியால் பள்ளிக்கோ கல்லூரிக்கோ போகாமல் இருந்திருக்கிறார்கள். போனாலும் பாடத்தில் கவனம் நிற்கவில்லை என்றவர்கள் 41 சதவீதம். பணக்கார நாடு, ஏழை நாடு என்ற பெரிய வித்தியாசமும் இல்லை.

அதே 2019ல் நெதர்லாந்தில் 32,748 பெண்களிடம் இன்னொரு ஆய்வு நடந்தது. மாதவிடாய்த் தொல்லையால் வேலைக்கோ படிப்புக்கோ வராமல் போன நாள், சராசரியாக வருடத்துக்கு ஒன்றேகால் நாள்தான். அட, இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் வந்து உட்கார்ந்தும் வேலை ஓடாமல் வீணான நேரத்தைக் கூட்டிப் பார்த்தார்கள். வருடத்துக்கு கிட்டத்தட்ட 9 நாள்! நஷ்டத்தின் பெரும்பகுதி வருகைப் பதிவேட்டில் தெரியவே தெரியாது. அங்கே 'ப்ரெசன்ட்' என்றுதான் இருக்கும்.

வணிகவியல் படிக்கிறவர்களுக்கு முதல் வருடத்திலேயே சொல்லித் தரும் பாடம் இது. ஒரு செலவைப் புத்தகத்தில் எழுதவில்லை என்பதற்காக அந்தச் செலவே நடக்கவில்லை என்று ஆகிவிடாது. யாரோ ஒருவர் கையிலிருந்து அது போய்க்கொண்டேதான் இருக்கும்.

இன்னொரு வேடிக்கை. விடுப்பு எடுத்த அந்த நெதர்லாந்துப் பெண்களில் ஐந்தில் ஒருவர்தான் அலுவலகத்திலோ பள்ளியிலோ உண்மைக் காரணத்தைச் சொல்லியிருக்கிறார். அதாவது, அந்த ஊரிலும் 'காய்ச்சல்'தான்!

வலி எங்கிருந்து வருகிறது?

"எல்லாம் மனசுதான் காரணம், தைரியமா இருந்தா வலிக்காது" என்று ரொம்ப காலம் மருத்துவர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். உண்மை வேறு.

மாதவிடாய் தொடங்கும் நேரத்தில் கருப்பையின் உள்சுவரில் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. அது கருப்பைத் தசையை இறுக்கிப் பிழிகிறது. ரத்தக் குழாய்களும் சுருங்குவதால் தசைக்குப் போகும் பிராணவாயு குறைகிறது. வலி அங்கேதான் பிறக்கிறது. வலி அதிகமுள்ள பெண்களிடம் இந்தப் பொருள் அதிகமாக இருப்பதையும் கண்டுபிடித்துவிட்டார்கள். அது ரத்தத்தில் கலந்து குடலையும் தொந்தரவு செய்வதால்தான் சிலருக்கு வாந்தி, பேதி, தலைவலி எல்லாம் சேர்ந்து வருகின்றன. ஆக, லீவ் லெட்டரில் எழுதும் வயிற்றுப்போக்கு முழுப் பொய்யும் இல்லை.

இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1930களில் ஸ்வீடனைச் சேர்ந்த உல்ஃப் வான் ஆய்லர் இதை விந்துத் திரவத்தில் கண்டார். ஆண்களின் புரோஸ்டேட் சுரப்பியில் இருந்து வருகிறது என்று நினைத்து அந்தப் பெயரை வைத்தார். கோடிக்கணக்கான பெண்களைச் சுருண்டு படுக்க வைக்கும் பொருளுக்கு ஆண் சுரப்பியின் பெயர்! 1971ல் ஜான் வேன் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி, ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள் இந்தப் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுத்துத்தான் வேலை செய்கின்றன என்று காட்டினார். 1982ல் இந்தத் துறைக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

காரணம் தெரியும். அதைத் தடுக்கும் மருந்தும் தெரியும். அரை நூற்றாண்டாகத் தெரியும். இருந்தும் பெண்பிள்ளைகளிடம் "பொறுத்துக்கோ" என்றுதான் சொல்லப்படுகிறது.

நாப்கின் வந்தது, வலி போகவில்லை

தமிழ்நாட்டில் மாதவிடாயைப் பற்றி யாருமே பேசவில்லை என்று சொல்ல முடியாது. வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் தரும் 'புது யுகம்' திட்டம் 2011ல் அறிவிக்கப்பட்டது. மலிவு விலை நாப்கின் இயந்திரம் செய்த கோவை முருகானந்தத்துக்கு 2016ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2018 ஜூலையில் நாப்கின் மீதான 12 சதவீத ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டது. எல்லாம் நல்ல காரியங்கள். ஆனால் பேச்சு பெரும்பாலும் நாப்கினோடு நின்றுவிட்டது.

நாப்கின் கறையை மறைக்கும். வலியை என்ன செய்யும்? மெடிக்கல் ஷாப்பில் செய்தித்தாளில் சுற்றிக் கறுப்பு கவரில் போட்டுக் கொடுக்கிறார்களே, அதே மாதிரி வலியையும் சுற்றி வைக்கத்தான் பழக்கியிருக்கிறார்கள்.

பாட்டி காலத்தில் 'வீட்டுக்குத் தூரம்' என்று மூன்று நாள் ஒதுக்கி வைத்தார்கள். தனித் தட்டு, தனிப் பாய், திண்ணையோரம். "அந்தக் காலத்திலேயே பெண்களுக்கு ஓய்வு கொடுத்தார்கள்" என்று இன்றைக்கு இதற்குப் பெருமை பேசுகிறவர்கள் உண்டு. தொடாதே என்பதற்கும் ஓய்வெடு என்பதற்கும் வித்தியாசம் தெரியாத பெருமை அது. ஒதுக்கி வைக்கும் புத்தியும் முழுசாகப் போய்விடவில்லை. 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளி, எட்டாம் வகுப்பு மாணவியை மாதவிடாய் என்பதற்காக வகுப்புக்கு வெளியே படியில் உட்கார வைத்துத் தேர்வு எழுத வைத்ததே!

தீட்டு போக வேண்டியதுதான், சந்தேகமில்லை. ஆனால் தீட்டோடு சேர்த்து ஓய்வையும் பல வீடுகளில் தூக்கிப் போட்டுவிட்டார்கள். காலை ஏழு மணி பஸ்ஸில் நின்றுகொண்டே பயணம், நாலு மணி வரை வகுப்பு, திரும்பி வந்தால் வீட்டு வேலை. 'நீயும் எல்லோரையும் போலத்தான்' என்று சொன்ன சமுதாயம், 'அப்படியானால் எல்லோரையும் போலவே ஓடு' என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டது.

வலி வயிற்றோடு நிற்பதில்லை

மாதத்தில் இரண்டு நாள்தானே என்பார்கள். அந்த இரண்டு நாளுக்கு முன்பே பயம் தொடங்கிவிடுகிறது. செமஸ்டர் டைம்டேபிள் வந்ததும் மற்றவர்கள் எந்தப் பேப்பருக்கு எத்தனை நாள் லீவு என்று பார்ப்பார்கள். இவர்கள் காலண்டரை எடுத்து 'அந்தத் தேதி' காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பரில் விழுகிறதா என்று எண்ணுவார்கள். மூன்று மணி நேரம் பரீட்சை ஹாலில் கறை பட்டுவிடுமோ என்ற கவலை வேறு. கழிவறை மோசம் என்பதால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பவர்கள் எத்தனை பேர்!

வலியால் தூக்கம் கெடுகிறது. தூக்கம் கெட்டால் மறுநாள் வலி இன்னும் பெரிதாகத் தெரிகிறது. எரிச்சல் வருகிறது. எரிந்து விழுந்தால் "என்ன, அந்த நாளா?" என்று ஒரு கிண்டல். கடுமையான மாதவிடாய் வலி உள்ளவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. மாதா மாதம் உறுதியாக வரப்போகும் வலி, அதற்காகச் சொல்ல வேண்டிய பொய், சொல்லிவிட்டு வரும் குற்ற உணர்ச்சி... பத்தொன்பது வயதுப் பெண்ணின் மனசு இதையெல்லாம் வருடத்துக்குப் பன்னிரண்டு முறை சுமக்கிறது.

"கல்யாணம் ஆனா சரியாயிடும்"

வீட்டில் சொன்னால் என்ன நடக்கும்? முதலில் வெந்தயம், அப்புறம் பெருங்காயம் போட்ட மோர், இல்லையென்றால் கருப்பட்டி, நல்லெண்ணெய் விட்ட உளுந்தங்களி. அன்போடு தருவதுதான், குறை சொல்வதற்கில்லை. அதற்கும் அடங்காவிட்டால், "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு, கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்று அம்மா சொல்வார். பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு வலி குறைவது உண்மைதான். ஆனால் பதினேழு வயதுப் பெண்ணின் வயிற்று வலிக்குக் கல்யாணத்தை மருந்தாக எழுதிக் கொடுக்க முடியுமா?

இதில் ஒரு முரண்பாடு இருக்கிறது. ஊரில் கோயில் விசேஷம் என்றால் நாள் தள்ளிப்போக மாத்திரை வாங்கித் தரப் பல வீடுகளில் தயங்குவதில்லை. அதே வீட்டில் வலிக்கு மாத்திரை கேட்டால், "இப்பவே மாத்திரை போட்டா பின்னாடி குழந்தை பிறக்காது" என்ற பதில் வரும். மாதத்தில் ஓரிரு நாள், சரியான அளவில் எடுக்கும் வலி மாத்திரையால் மலட்டுத்தன்மை வரும் என்பதற்கு ஆதாரம் கிடையாது.

வலி உச்சத்துக்குப் போன பிறகு மாத்திரை போடுவதைவிட, வலி தொடங்கும்போதே போடுவது நல்ல பலன் தரும். புரோஸ்டாகிளாண்டின் ஏராளமாகச் சுரந்த பிறகு தடுப்பது கஷ்டம். ஐபுப்ரோஃபென், மெஃபனாமிக் அமிலம் போன்றவை இந்த வகை. அதற்காகத் தோழி கொடுத்தாள், கடைக்காரர் கொடுத்தார் என்று வெறும் வயிற்றில் விழுங்கக் கூடாது. அல்சர், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கட்டாயம் மருத்துவரைக் கேட்க வேண்டும். மெஃபனாமிக் அமிலத்தால் அபூர்வமாகக் கடுமையான ஒவ்வாமை வரலாம் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023ல் எச்சரித்திருக்கிறது. மாத்திரை போட்ட பிறகு தோலில் தடிப்பு, காய்ச்சல் என்று வந்தால் அலட்சியம் கூடாது.

வெந்நீர்ப் பையும் சும்மா பாட்டி வைத்தியம் இல்லை. அடிவயிற்றில் தொடர்ந்து இதமான சூடு வைத்தால் வலி மாத்திரைக்கு இணையாக வேலை செய்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. வாரம் மூன்று நாளாவது உடற்பயிற்சி செய்பவர்களுக்கும் வலி குறையலாம்.

எது சாதாரண வலி இல்லை?

இதைத் தெரிந்துகொள்ளாமல் போவதால்தான் பெரிய ஆபத்து. மாத்திரைக்கும் அடங்காத வலி, வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போகும் வலி, மாதவிடாய் முடிந்த பிறகும் நிற்காத வலி, மலம் சிறுநீர் கழிக்கும்போது வலி, ஏழு நாளுக்கு மேல் போக்கு, மணிக்கு ஒரு நாப்கின் மாற்றும் அளவு ரத்தம்... இதில் ஏதாவது இருந்தால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

எண்டோமெட்ரியோசிஸ் என்று ஒரு நோய் உண்டு. கருப்பையின் உள்சுவரைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும். குழந்தை பெறும் வயதுப் பெண்களில் பத்தில் ஒருவருக்கு, உலகம் முழுக்க சுமார் 19 கோடிப் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கண்டுபிடிப்பதற்கு 4 முதல் 12 வருடம் வரை ஆகிறதாம். பதினைந்து வயதில் "இது எல்லாப் பொண்ணுங்களுக்கும் வர்றதுதான்" என்று வாயை அடைத்தால், நோய்க்குப் பெயர் தெரியும்போது அவளுக்கு இருபத்தைந்து தாண்டியிருக்கும். 'பொறுத்துக்கோ' என்ற ஒரு வார்த்தையின் விலை இது.

இங்கே இன்னொரு முட்டுக்கட்டை. கல்யாணம் ஆகாத பெண் மகப்பேறு மருத்துவரிடம் போனால் "ஊர் என்ன பேசும்?" என்ற பயம். வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கிற சாதாரண ஸ்கேனே முதலில் போதும். சிகிச்சைக்கு ஹார்மோன் மாத்திரை எழுதினால் "அது கர்ப்பத்தடை மாத்திரையாச்சே!" என்று தூக்கிப் போடுகிறவர்களும் உண்டு. மாத்திரையின் ஒரு பயன் அது. வலியைக் குறைப்பது இன்னொரு பயன். அவ்வளவுதான்.

லீவு கொடுத்தால் என்ன ஆகும்?

இது ஒன்றும் புதுக் கோரிக்கை இல்லை. கொச்சி சமஸ்தானத்தில் திருப்பூணித்துறை பெண்கள் பள்ளியில் 1912லேயே, மாதவிடாய் நாளில் தேர்வுக்கு வர முடியாத மாணவிகள் பிறகு எழுத அனுமதித்தார்கள் என்று வரலாற்றாசிரியர் பி. பாஸ்கரனுண்ணி பதிவு செய்திருக்கிறார். ஜப்பானில் 1947 முதல் சட்டம் இருக்கிறது. பீகாரில் 1992 முதல் அரசுப் பெண் ஊழியர்களுக்கு மாதம் 2 நாள் விடுப்பு. 2023ல் ஸ்பெயின் சட்டம் போட்டது. 2025 அக்டோபரில் கர்நாடக அமைச்சரவை மாதம் ஒரு நாள் சம்பளத்துடன் விடுப்புக்கு ஒப்புதல் கொடுத்தது.

மாணவிகளுக்கு வருவோம். 2023 ஜனவரியில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மாணவிகளுக்கு வருகைப் பதிவில் 2 சதவீதம் சலுகை தந்தது. அதே மாதம் கேரள அரசு தன் உயர்கல்வித் துறையின் கீழுள்ள பல்கலைக்கழகங்களுக்கு அதை விரிவாக்கியது. மாணவிகளுக்கு 75க்குப் பதில் 73 சதவீதம் போதும்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்றால், 75 சதவீதத்துக்கு 68 நாள் வர வேண்டும். மிச்சம் 22 நாள். ஐந்து மாதத்தில் மாதம் 2 நாள் வலி என்றால் 10 நாள். ஞாயிறு, பண்டிகையில் விழுவதைக் கழித்தாலும் 7 நாள். காய்ச்சல், சொந்தக்காரர் கல்யாணம், ஊர்த் திருவிழா என்று எல்லோருக்கும் பொதுவாக உள்ள 22 நாளில் மூன்றில் ஒரு பங்கு இவளுக்கு முதலிலேயே போய்விடுகிறது. குறைந்தால் பல இடங்களில் மெடிக்கல் சர்டிஃபிகேட், அபராதக் கட்டணம். கேரளம் தந்த 2 சதவீதம் என்பது 1.8 நாள். நல்ல தொடக்கம். ஆனால் அது தொடக்கம் மட்டுமே.

எதிர்ப்பும் இருக்கிறது. 2023 டிசம்பரில் அப்போதைய மத்திய அமைச்சர் ஸ்மிருதி இரானி, மாதவிடாய் ஒரு குறைபாடு அல்ல, அதற்குத் தனி விடுப்பு வேண்டியதில்லை என்று மாநிலங்களவையில் சொன்னார். விடுப்பைக் கட்டாயமாக்கினால் பெண்களை வேலைக்கு எடுக்கத் தயங்குவார்கள் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் கவலை தெரிவித்து, அரசு கொள்கையாக முடிவு செய்யட்டும் என்றது.

இந்தக் கவலையை ஒதுக்கிவிட முடியாது. நேர்முகத் தேர்வில் "கல்யாணம் எப்போ?" என்று கேட்கிற நிறுவனங்கள் இதையும் கணக்கில் எடுக்கும்தான். ஆனால் பிரசவ விடுப்புக்கும் இதே வாதத்தைச் சொல்லலாமே? பாகுபாடு காட்டுகிறவனைத் திருத்தாமல், வலிக்கிறவளை மறைத்துக்கொள்ளச் சொல்வது என்ன நியாயம்? மாதவிடாய் குறைபாடு அல்ல, சரி. வலியால் நிமிர முடியாமல் இருப்பதும் அல்லவா?

"பொய் சொல்லி லீவு எடுப்பார்கள்" என்பது அடுத்த வாதம். இப்போது மட்டும் எல்லோரும் உண்மை சொல்லியா எடுக்கிறார்கள்? உண்மையைச் சொல்ல முடியாத இடத்தில்தான் பொய் வளரும். "எல்லாப் பெண்களுக்கும் வலி இல்லையே" என்பார்கள். இல்லைதான். தேவைப்படாதவர் எடுக்க மாட்டார். எல்லோருக்கும் காய்ச்சல் வருவதில்லை என்பதற்காக யாரும் மெடிக்கல் லீவை ரத்து செய்யவில்லையே.

வெறும் லீவு மட்டும் போதாது என்பதும் உண்மை. லீவு வலியைக் குணமாக்காது. கல்லூரிப் பெண்கள் ஓய்வறையில் ஒரு கட்டிலும் வெந்நீர்ப் பையும், பூட்டுப் போடாத சுத்தமான கழிவறையும் இருந்தால் அரை நாள் லீவு பலருக்குத் தேவைப்படாது. அன்றைக்கு இன்டர்னல் டெஸ்ட் எழுத முடியாமல் போனால் காரணத்தை ஊருக்கே சொல்லாமல் இன்னொரு நாள் எழுத வழி வேண்டும். நூறு வருடத்துக்கு முன் ஒரு பள்ளியால் முடிந்தது இப்போது முடியாதா? எட்டாம் வகுப்புப் பாடத்திலேயே, பையன்களையும் உட்கார வைத்து, எது சாதாரண வலி, எதற்கு மருத்துவரிடம் போக வேண்டும் என்று சொல்லித் தரலாம். இதற்கெல்லாம் கோடிக்கணக்கில் பணம் வேண்டாம்.

சட்டமும் சர்க்குலரும் வரும்போது வரட்டும். அதுவரை வகுப்பில் யாராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தால், "சும்மா சீன் போடாதே" என்பதற்குப் பதிலாக அன்றைய நோட்ஸைக் கொடுத்து உதவலாம். வீட்டில் அம்மாவோ அக்காவோ "பொறுத்துக்கோ" என்று சொல்வதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: "எத்தனை மாசமா இப்படி வலிக்குது?" மருத்துவர் முதலில் கேட்கப்போவதும் அதைத்தான். பதில் வருடக்கணக்கில் இருந்தால், அடுத்த மாதத்துக்காகக் காத்திருக்காமல் கூட்டிக்கொண்டு போங்கள்.